கடும் பியரின் ருசி தானியத்தில் இருக்கிறது

ஆடி, ஆவணி மாதங்களில் கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் மல்லாவிக்கும் வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்கும்போது, அவர்களுடைய பெட்டிக்குள் இருக்கும் போத்தல்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. முன்பு விஸ்கி மட்டும்தான் வரும். இப்போது இடையிடையே கறுத்த, கட்டையான பியர்ப் போத்தல் ஒன்றும் வருகிறது. டொரொன்டோவிலோ லண்டனிலோ ஜெர்மனியிலோ ஒரு சிறு ஆலை காய்ச்சிய பியர் அது. சீட்டில் 8 வீதம், 9 வீதம், சிலவேளை 11 வீதம் என்று போட்டிருக்கும். இங்கே அதைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவது அந்த இலக்கத்தைத்தான். அடுத்த கேள்வி "ஏறுமா?" என்பது. பிறகு அதை உறையும் அளவுக்குக் குளிரவைத்து, இரண்டு மூன்று மிடறில் இறக்கி, பாணி மருந்து மாதிரி இனிக்குது என்று சொல்லி, மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுச் சாராயத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த ஒரு நல்ல பொருளுக்கு இப்படி நடப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்த வகைப் பியரை அறிவதற்கு வேண்டிய நாக்கு வன்னி மனிதரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் வருத்தம் கூடத்தான் செய்கிறது.

முதலில் அந்த இலக்கம் எப்படி உயர்கிறது என்று பார்ப்போம். பியரில் மதுசாரத்தைக் கூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று மலிவான வழி: சீனிப்பாகு, அரிசி, சோளம் போன்றவற்றைச் சேர்த்து நொதிக்கவிடுவது. இவற்றின் வெல்லத்தை ஈஸ்ட் முழுதாகத் தின்று மதுசாரமாக்கிவிடும். ருசியென்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. நம் பக்கத்து நாடுகளில் 'ஸ்ட்ரோங்' என்று விற்கும் வெளிர்மஞ்சள் லாகர்கள் பலவற்றின் கதை இதுதான். வாங்குபவரின் நோக்கமும் கொடுத்த காசுக்குக் கூடிய வெறி என்பதால், ஆலைக்கும் அதுவே போதும். மற்ற வழி, முளைவிட்ட தானியமான மோல்ட்டை அள்ளிப் போடுவது. சாதாரண பியருக்கு நொதிக்கும் முன் உள்ள சாற்றில் 100 கிராமுக்கு 11, 12 கிராம் அளவில் கரைந்த பொருள் இருக்கும். ஜெர்மன்காரரின் டொப்பெல்பொக் வகைக்கு அது 18 கிராமுக்குக் குறையக்கூடாது. அவ்வளவு தடித்த சாற்றில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பொருளும் நிறைய மிஞ்சும். ருசி தங்குவது அதில்தான். இந்த வழியில் போனால் மதுசாரம் கூடத்தான் செய்யும், ஆனால் காய்ச்சியவர் அதைத் தேடிப் போனவரில்லை.

மோல்ட் என்பது முளைக்கவைத்துக் காயவைத்த தானியம். பெரும்பாலும் பார்லி. இரண்டு நாள் வரை ஊறவிட்டு, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, முளை நீளுமுன் சூடான காற்றில் காயவைப்பார்கள். குழந்தைக்குக் குரக்கனை முளைக்கவைத்துக் காயவைத்து மாவாக்கும் வீடுகளில் நடப்பதும் இதே வேலைதான். முளைக்கும் விதை தன் மாப்பொருளை வெல்லமாக்குவதற்கு நொதியங்களை உண்டாக்கிக்கொள்கிறது. பியர் காய்ச்சுபவர் அந்த நொதியத்தைக் கடன் வாங்குகிறார்.

காயவைக்கும் சூட்டில்தான் முக்கியமான விஷயம் நடக்கிறது. 80 பாகை செல்சியஸ் அளவில் காயவைத்தால் வெளிறிய மோல்ட் கிடைக்கும். 100 பாகையைத் தாண்டினால் நிறம் ஏறும், பாண் சுடும் வாசம் வரும். ஈரத்தோடு வேகவைத்துப் பிறகு வறுத்தால் மணியின் உள்ளேயே வெல்லம் பாகாகி இறுகும். இன்னும் வறுத்தால் கோப்பிக் கொட்டையின் கறுப்பு. இப்படிக் கருக வறுக்கும் சுழல் உருளைக்கு இங்கிலாந்தில் டானியல் வீலர் 1817இல் காப்புரிமை பெற்றார். கறுத்த பியர்களின் வரலாறு அதற்குப் பிறகு வேறு பாதையில் போனது. இந்த நிறமும் வாசமும் பெரும்பாலும் வெல்லமும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் பொருட்களால் வருகின்றன. பிரான்ஸைச் சேர்ந்த லூயி கமில் மையார் 1912இல் இதை விவரித்ததால், அவருடைய பெயரிலேயே மையார் தாக்கம் என்கிறார்கள்.

இப்போது ஒரு பனங்கட்டியை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பணியைத் தாச்சியில் ஊற்றி மணிக்கணக்காகக் காய்ச்சும்போது அது வெளிறிய நீரிலிருந்து பொன்னாகி, பழுப்பாகி, கடைசியில் அந்தக் கருஞ்சிவப்புக்கு வருகிறது. பனங்கட்டியில் இனிப்பு மட்டுமா இருக்கிறது? அடியில் ஒரு கருகல், ஒரு மெல்லிய கசப்பு, கொஞ்சம் உப்பு, நாக்கின் பின்பக்கத்தில் நிற்கும் ஒரு கனம். வெள்ளைச் சீனியில் இதில் ஒன்றுமே கிடையாது. மையார் தாக்கமும் வெல்லம் கருகுவதும் சேர்ந்து செய்த வேலை அது. வறுத்த அரிசிமா அவியும்போது வரும் பிட்டு வாசமும், வறுத்த உழுத்தம்மாவின் வாசமும், பாணின் கருகிய ஓரமும் இதே குடும்பம். வன்னியில் வளர்ந்த ஒருவர் இந்த ருசிகளுக்கு நடுவில்தான் வளர்கிறார்.

ஐரோப்பியர் எழுதும் சுவைக்குறிப்புகளில் டொஃபி, உலர்ந்த பிளம், அத்திப்பழம், ஷெரி வைன் என்றெல்லாம் இருக்கும். இவற்றைப் பார்த்து நம்மவர் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. அவர்கள் தங்கள் சமையலறையிலிருந்து எடுத்ததை நாம் நம் சமையலறையிலிருந்து எடுக்கலாம். பழுப்பு நிற டொப்பெல்பொக் ஒன்றில் எனக்கு முதலில் வருவது வெறும் நாக்கில் வைத்த நெஸ்டமோல்ட் தூள், அதன்பின் பாண் தோல், கடைசியில் பனங்கட்டி. வைன் என்று பெயர் இருந்தாலும் பார்லி வைன் ஒரு கடும் பியர்தான்; பழையது ஒன்றில் பேரீச்சம்பழமும் முந்திரிகை வத்தலும் வரும். நெஸ்டமோல்ட் என்று நான் சொல்வது உவமைக்காக இல்லை. அதுவும் பார்லி மோல்ட்டிலிருந்து வருவதுதான்.

காய்ச்சும் முறையும் சேர்ந்துதான் ருசியைத் தீர்மானிக்கிறது. உடைத்த மோல்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்கும்போது 62, 63 பாகையில் வைத்தால் ஈஸ்ட் இலகுவில் தின்னும் வெல்லம் அதிகம் கிடைத்து, பியர் காய்ந்து மெலிந்து வரும். 68, 69 பாகைக்கு ஏற்றினால் ஈஸ்ட்டுக்கு எட்டாத நீண்ட சங்கிலிகள் மிஞ்சி, வாயில் தடிப்பாக நிற்கும். வெப்பமானியில் ஐந்தாறு பாகை வித்தியாசம், குடிப்பவருக்கு வேறொரு பானம். பழைய பவேரிய முறையில் ஊறலின் ஒரு பகுதியை வேறாக எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவார்கள். அந்தக் கொதிப்பில் நிறமும் மோல்ட் ருசியும் இன்னும் ஏறும். ஸ்கொட்லாந்தின் கடும் பியரில் சாற்றை நெடுநேரம் கொதிக்கவைப்பதும் உண்டு. அங்கே ட்ரக்வெயார் என்ற பழைய மாளிகையில் கிடந்த 18ஆம் நூற்றாண்டுக் காய்ச்சும் அறையை 1965இல் வீட்டுக்காரரே துப்புரவாக்கித் திரும்ப ஓடவிட்டார். இன்றைக்கும் அங்கே ஓக் மரத்தொட்டியில்தான் நொதிக்கவிடுகிறார்கள், 7.2 வீதம். சிறு ஆலை என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

டொப்பெல்பொக்கின் கதை மன்னாரிலும் மடுவிலும் தவக்காலம் அனுட்டிப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். மியூனிக்கில் இருந்த பவுலானர் துறவிகள் இறைச்சி, பால், முட்டை தொடாத கடும் ஒழுக்கத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் பியர் காய்ச்சியதற்கு 1634ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று சாட்சி. நோன்பு நாட்களில் உடலைத் தாங்கக்கூடிய சத்தான பானமாகக் கடும் பியர் அவர்களுக்கு இருந்தது. 1780இல் பவேரியாவை ஆண்ட கார்ல் தியோடர் பொதுமக்களுக்கு விற்கவும் அனுமதி கொடுத்தார். அன்றைய நோன்புப் பியரில் வெல்லம் இன்றையதைவிடக் கூடவும் மதுசாரம் குறையவும் இருந்தது. சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தது என்று சொன்னால் நம்பலாம்.

சரி, இதை ஏன் சிறு ஆலைகள் காய்ச்சுகின்றன? பெரிய ஆலைக்குக் கணக்கு ஒத்துவராது. ஒரு தொட்டிக்கு ஒன்றரை முதல் இரு மடங்கு வரை மோல்ட் வேண்டும். நொதித்த பின்னும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குளிரில் கிடந்து முதிரவேண்டும். அந்த நேரத்தில் அதே தொட்டியில் லாகர் பலமுறை காய்ச்சி விற்றுவிடலாம். சிறியவர் பெரியவரோடு விலையில் மோத முடியாது. அதனால் பெரியவர் தொடாததைத் தொடுகிறார். சட்டங்களும் கைகொடுத்தன. அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். வீட்டுப் பின்பக்கத்தில் பழகியவர்கள்தான் பிறகு ஆலை தொடங்கினார்கள். பிரித்தானியாவில் 2002இலிருந்து சிறு ஆலைகளுக்கு வரி பாதியாகக் குறைந்தது.

கள்ளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் எனக்கு இந்தப் பானம் முழுதாக விளங்கியது. பனஞ்சாற்றில் வெல்லம் வெல்லமாகவே இருக்கிறது. பாளையைச் சீவி முட்டி கட்டிய கணத்திலிருந்து காற்றில் உள்ள ஈஸ்ட்டும் பற்றீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். மரத்திலிருந்து இறங்கும்போதே கள் கள்ளாகிவிட்டது. காலையில் இனிப்பு, மத்தியானம் உறைப்பு, அடுத்த நாள் புளிப்பு. தவறணையில் பிளாவில் ஊற்றிய கள் அந்த நாளுக்குரியது. மோல்ட் பியருக்கோ முதலில் மாப்பொருளை வெல்லமாக்கவேண்டும், கொதிக்கவைத்துக் கிருமியை ஒழிக்கவேண்டும், கெடாமலிருக்க ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போடவேண்டும், பிறகுதான் தெரிந்தெடுத்த ஈஸ்ட். அதனால் கள் ஒரு நாள் வாழ்ந்தால், 10 வீதப் பார்லி வைன் பத்து வருடமும் வாழும். இதில் எது மேல் என்று கேட்பதில் பொருளில்லை. விடியற்காலைக் கள்ளின் நுரையும் துள்ளலும் எந்த ஐரோப்பிய ஆலையிலும் கிடைக்காது. ஆனால் கள் குடிக்கும் வேகத்தில் மற்றதைக் குடிக்கக்கூடாது.

எப்படிக் குடிப்பது? வன்னி வெயிலில் எல்லாவற்றையும் குளிரக் குளிரக் குடிக்கத்தான் மனம் சொல்லும். 4 பாகைக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசம் மேலெழும்பாது. மோல்ட் நிறைந்த கடும் பியர் 10 முதல் 14 பாகைக்குள்தான் வாய் திறக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே ஒரு கால் மணி, இருபது நிமிடம் வைத்தால் நம் சூட்டில் அதற்குமேல் தேவையில்லை. பின்னேரம் வெயில் தாழ்ந்தபின் எடுப்பது நல்லது. போத்தல் ஒன்றை மூன்று நான்கு பேர் பகிரலாம். இது பகிரவேண்டிய பானம். வாய் குறுகிய கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்னத் தேத்தண்ணிக் கிளாஸ் போதும். ஆனால் சவர்க்கார மிச்சமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நுரை செத்துவிடும், வெந்நீரில் அலசிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். அடியில் மண்டி இருந்தால் ஆட்டாமல், மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள். கிளாஸில் பாதிக்குமேல் வேண்டாம். மேற்பாதி வாசத்துக்குரியது.

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் கறுப்பு என்று நினைத்தது பெரும்பாலும் கருஞ்சிவப்பாக இருக்கும். பிறகு மூக்கு. அவசரப்படாமல் இரண்டு மூன்று சிறு முகர்வு. அப்புறம் ஒரு சிறு மிடறு, வாய் முழுக்கப் படும்படி. விழுங்கியபின் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அப்போதுதான், தொண்டையின் பின்வழியாக மூக்குக்குப் போகிறது. முதல் மிடறை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெறும் வாய்க்கு மதுசாரமும் இனிப்பும்தான் முதலில் தெரியும். அவை பழகியபின் மூன்றாம் நான்காம் மிடறில்தான் தானியம் பேசத் தொடங்கும். கிளாஸ் சூடேற ஏற வாசம் மாறிக்கொண்டே போகும். நான் இந்தப் பானத்தில் மிகவும் விரும்புவது இதைத்தான்: ஒரே கிளாஸ் தொடக்கத்தில் பாணாகவும் நடுவில் பனங்கட்டியாகவும் கடைசியில் வத்தல் பழமாகவும் இருக்கக்கூடும். இனிப்பு திகட்டாமல் இறுதியில் ஒரு மெல்லிய கசப்பு வந்து வாயைத் துடைத்துவிடுகிறதா என்று பாருங்கள். வந்தால் காய்ச்சியவர் கைதேர்ந்தவர். இந்த வகையில் ஹொப்ஸ் பின்னால் நிற்கவேண்டும், இல்லாமலும் போகக்கூடாது.

குறைகளையும் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் பயணத்தில் பட்ட பாடு பியரில் தெரியும். நனைந்த காட்போட் வாசம் வந்தால் சூட்டில் கிடந்து ஒட்சியேறிப் பழுதாகியிருக்கிறது. நெயில் பொலிஷ் போல மூக்கைக் குத்தினால், கூடிய சூட்டில் அவசரமாக நொதிக்கவிட்டிருக்கிறார்கள். பச்சை அல்லது வெள்ளைப் போத்தலை வெயிலில் வைத்தால் ஹொப்ஸில் உள்ள பொருள் ஒளிபட்டுச் சிதைந்து ஒரு நாற்றம் வரும். பழுப்புப் போத்தல் அதைப் பெருமளவு தடுக்கும். கிடைத்த போத்தலை அலுமாரிக்கு மேலே, தகரக்கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் அழகுக்கு வைப்பதைவிட ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

கூடச் சாப்பிட நம்மவர் முதலில் எடுப்பது உறைப்பான பொரியல். இந்தப் பியருக்கு அது பொருந்தாது. மிளகாயின் எரிவை மதுசாரம் கூட்டிவிடும், இரண்டும் கெடும். எள்ளுருண்டை வைத்துப் பாருங்கள். வறுத்த எள்ளும் பாகும் மோல்ட்டோடு அப்படியே போய்ச் சேர்ந்துகொள்ளும். பனங்காய்ப் பணியாரமும் நல்லது. இறைச்சிதான் வேண்டுமென்றால் உறைப்பைக் குறைத்து, மிளகும் உப்பும் மட்டும் போட்டுச் சுட்டது.

அளவைப் பற்றியும் நேராகச் சொல்லவேண்டும். 9 வீதமுள்ள 330 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. 33.5 வீதச் சாராயத்தில் இது 90 மில்லிலீற்றருக்குச் சமம். 5 வீதக் கள்ளில் 600 மில்லிலீற்றர். பியர்தானே என்று இரண்டு மூன்று போத்தலை வரிசையாக இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதிக்கு ஏறினால் என்ன நடக்கும் என்று நம் ஊர்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குடியால் சிதைந்த குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. கசிப்பு குடித்துச் செத்தவர்களும் இருக்கிறார்கள். குடிக்காதவர் இதற்காகத் தொடங்கவேண்டியதில்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் குடிப்பவர் கொஞ்சமாக, நிதானமாக, என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிப்பதற்கு இந்த வகைப் பியர் இடம் தருகிறது. இதை அவசரமாகக் குடிப்பவருக்கு ருசியே கிடைக்காது.

வெளிநாட்டு உறவு இல்லாதவர்கள் பழகுவதற்கு உள்ளூரிலேயே ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிரில் தொடங்கி, பிறகு பியகமவுக்கு மாறிய ஆலையின் லயன் ஸ்டவுட், 8.8 வீதம். ஆலை பெரியது, பியர் பழைய மாதிரிக் கடும் ஸ்டவுட், அதாவது கருக வறுத்த தானியத்தின் ருசியுள்ள கறுத்த பியர். இங்கிலாந்தின் பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் இதை விரும்பிப் பாராட்டி மேற்குலகில் பெயர் பெறவைத்தார். நம் கடைகளில் அதை லாகரைப் போலவே உறையவைத்து விற்கிறார்கள். ஒரு போத்தலை மேலே சொன்ன சூட்டுக்கு வரவிட்டுக் குடித்துப் பாருங்கள்: கோப்பி, கருகிய பனங்கட்டி, கசப்புச் சொக்லேட். இவ்வளவு நாளும் அருகில் இருந்ததுதான்.

இங்கேயே ஒரு சிறு ஆலை வரமுடியுமா? தண்ணீர் தடையில்லை. வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். வெளிறிய பியருக்கு அது ஒத்துவராது. கறுத்த மோல்ட்டின் அமிலத்தன்மைக்கு அப்படியான தண்ணீர்தான் ஈடுகொடுக்கும். மியூனிக்கிலும் டப்ளினிலும் கறுத்த பியர் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பார்லி இங்கே விளையாது, ஹொப்ஸும் விளையாது. ஆனால் நைஜீரியாவைப் பாருங்கள். 1988இல் அந்த நாடு பார்லி இறக்குமதியைத் தடைசெய்தபோது பெரிய ஆலைகளே சோளவகைத் தானியமான சோர்கத்துக்கு மாறி, கறுத்த கடும் ஸ்டவுட்டைக்கூட அதிலேயே காய்ச்சின. குரக்கன் அதற்குக் குறைந்த தானியமில்லை. நன்றாக முளைக்கும், வறுத்தால் வாசமான நிறமும் கொடுக்கும். அதன் மாப்பொருள் இளக பார்லியைவிடக் கூடிய சூடு வேண்டும் என்பதால் ஒரு பகுதியை முதலில் கொதிக்கவைத்து எடுக்கவேண்டும். மணி சின்னது, உமி இல்லாததால் ஊறலை வடிப்பது கஷ்டம். அதற்குக் காய்ச்சுபவர்கள் வழக்கமாகச் சேர்ப்பது நெல் உமி, அது பரந்தனிலும் முழங்காவிலிலும் அரிசி ஆலை வாசலில் மலையாகக் குவிந்திருக்கிறது. கருப்பணியைக் காய்ச்சிச் சேர்த்தால் நிறமும் கனமும் கூடும். காலநிலைக்கு ஒரு குளிரறை வேண்டும், அது இன்றைக்கு மீன் வாடிகளில்கூட இருக்கிறது. உண்மையான தடை மதுவரி அனுமதிப்பத்திரம்தான். கள் இறக்கி விற்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழி வைத்திருக்கும் சட்டம், சில ஆயிரம் லீற்றர் காய்ச்ச நினைக்கும் ஒருவரையும் கோடிக்கணக்கில் காய்ச்சும் ஆலையையும் ஒரே படிவத்தில் நிறுத்தக்கூடாது. சிறு ஆலைக்கென்று தனி அனுமதியும் தனி வரியும் வந்தால், குரக்கனும் பனையும் சேர்ந்த ஒரு கடும் பியரைக் காய்ச்சுவதற்கு மல்லாவியில் இல்லாத பொருள் ஹொப்ஸ் ஒன்று மட்டும்தான்.